சட்டம் படித்தவர் வரலாற்றுக்குப் போகலாமா?

கேள்வி: ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். மற்ற எல்லாப் பாடங்களையும்விட எனக்குப் பிடித்தது சட்ட வரலாறு. ஆனால் 1726ஆம் ஆண்டுச் சாசனம், 1773ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம், 1861ஆம் ஆண்டு உயர் நீதிமன்றங்கள் சட்டம் என்று ஆண்டுகளின் வரிசையாகவே அது எங்களுக்கு நடத்தப்பட்டது. சட்டத்தையும் வரலாற்றையும் இணைத்து ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன். எல்.எல்.எம். சேர்வதா, வரலாற்றில் எம்.ஏ. சேர்வதா? இதில் இறங்கினால் வழக்குரைஞர் தொழில் கைவிட்டுப் போகும் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். இரண்டையும் படித்து எதிலும் தேறாமல் போய்விடுவேனோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது.
— சட்ட மாணவி ஒருவர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசி வாக்கியத்தில் இருக்கும் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது வீண் பயம் அன்று. சட்டத்தில் பாதி, வரலாற்றில் பாதி என்று பங்கு போட்டுக்கொண்டு ஆய்வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வழக்குரைஞர்களுக்கு உதவாத, வரலாற்றாசிரியர்களும் ஏற்காத ஓர் ஆய்வேட்டோடுதான் வெளியேறுகிறார்கள். சட்டக் கல்லூரியில் சட்ட வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் இத்தகைய ஆய்வேடுகள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. அவற்றின் முதல் அத்தியாயம் தர்மசாத்திரத்தில் தொடங்கும், இரண்டாவது அத்தியாயம் முகலாயர் காலத்தைத் தாண்டும், மூன்றாவதில் கிழக்கிந்தியக் கம்பெனி வந்துவிடும், நான்காவதில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வரிசையாக நிற்கும். இதில் வரலாறு என்பது தீர்ப்புகளுக்கு முன்னால் எழுதப்படும் நீண்ட முன்னுரை மட்டுமே. நீங்கள் சென்று சேரக் கூடாத இடம் அது. ஆகவே, எந்தப் பட்டம் என்ற கேள்விக்கு முன்னால், இவ்விரு துறைகளும் கடந்த காலத்தை எதற்காகத் தேடுகின்றன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

1888ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் பேராசிரியர் பொறுப்பேற்றபோது நிகழ்த்திய உரையில் ஆங்கிலேயச் சட்ட வரலாற்றாசிரியர் மெயிட்லண்ட் இந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறார்: வழக்குரைஞருக்கு வேண்டியது அதிகாரம் உள்ள முன்தீர்ப்பு, அது எவ்வளவு புதிதோ அவ்வளவு நல்லது, வரலாற்றாசிரியருக்கு வேண்டியது சான்று, அது எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. அவரே வழக்குரைஞராகத் தொழில் செய்துவிட்டு வரலாற்றுக்கு வந்தவர் என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1850இல் வெளியான ஒரு தீர்ப்பை 2020இல் ஒரு நீதிபதி மேற்கோள் காட்டும்போது, அத்தீர்ப்பு இன்றைக்கு என்ன பொருள் தருகிறது என்பதே அவருக்கு முக்கியம். அதை எழுதியவர் அன்று என்ன நினைத்தார், எதற்கு அஞ்சினார், யாருடைய பணம் அதில் சிக்கியிருந்தது என்பவை அவருக்குத் தேவையில்லை. வரலாற்றாசிரியருக்கோ அவைதான் விஷயமே. இரண்டு வாசிப்புகளுமே முறையானவை. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுக்கும்போதுதான் பிழை நேர்கிறது.

நீங்கள் முதலாண்டில் ஒப்பந்தச் சட்டம் படித்தபோது கட்டாயம் எழுதியிருக்கக்கூடிய ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம்: மொஹோரி பீபீ எதிர் தர்மதாஸ் கோஷ், பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றம்), 1903. தேர்வுக்கு நீங்கள் மனப்பாடம் செய்தது ஒரே ஒரு வரி: மைனர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 10, 11ஆம் பிரிவுகளைச் சேர்த்து வாசித்துப் பிரிவி கவுன்சில் சொன்ன முடிவு அது. அந்த ஒரு வரிக்காகத்தான் நூற்றிருபது ஆண்டுகளாக இவ்வழக்கு மேற்கோள் காட்டப்படுகிறது, வழக்குரைஞருக்கு அது போதும்.

இப்போது தீர்ப்பின் முதல் இரண்டு பக்கங்களை மெதுவாக வாசியுங்கள். 1895 ஜூலை 20 அன்று, கல்கத்தாவில், தர்மதாஸ் கோஷ் என்ற இளைஞர் தமக்குச் சொந்தமான சில வீடுகளை பிரம்ம தத் என்ற வட்டிக்கடைக்காரரிடம் அடமானம் வைக்கிறார். பத்திரத்தில் எழுதிய தொகை 20,000 ரூபாய், வட்டி 12 சதவீதம். உண்மையில் கைமாறிய தொகை எவ்வளவு என்பதே தகராறில் இருந்ததாகத் தீர்ப்பு சொல்கிறது. கடன் கொடுத்தவர் அந்த நேரத்தில் ஊரிலேயே இல்லை. அவருடைய அட்டர்னி, அதாவது பத்திர வேலைகளையும் வழக்கு வேலைகளையும் கவனிக்கும் சட்ட முகவர், கேதார்நாத் மித்தர்தான் எல்லாவற்றையும் முடித்து வைக்கிறார். அடமானத்துக்கு ஐந்து நாள் முன்னதாக, ஜூலை 15 அன்று, இளைஞரின் தாயார் ஜோகேந்திரநந்தினி தாசி வேறோர் அட்டர்னி வழியாக ஒரு கடிதம் அனுப்புகிறார்: நான் நீதிமன்றம் நியமித்த காப்பாளர், என் மகனுக்கு இன்னும் 21 வயது நிறையவில்லை, அவனுக்குக் கடன் கொடுப்பவர்கள் தம் சொந்தப் பொறுப்பில்தான் கொடுக்கிறார்கள் என்பது அதன் சாரம். அப்படி ஒரு கடிதம் வரவேயில்லை என்று கேதார்நாத் மறுத்தார். விசாரணை நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை நம்பவில்லை. அடமானம் எழுதிய அன்றே, தாம் முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்த ஒரு நீண்ட உறுதிமொழியில் அந்த இளைஞரிடம் அவர் கையெழுத்து வாங்குகிறார். ஜூன் 17ஆம் தேதியே எனக்கு வயது வந்துவிட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. உண்மையில் செப்டம்பரில்தான் வயது நிறைகிறது. செப்டம்பர் 10 அன்று, மகன் சார்பில் தாயார் வழக்குத் தொடுக்கிறார்.

இதில் சட்ட மாணவியாகிய உங்களுக்கு உடனே தென்படுவது முன்தடைக் கோட்பாடு: வயது வந்துவிட்டது என்று கையெழுத்திட்டவர் பிறகு அதை மறுக்கலாமா? இரு தரப்புக்கும் உண்மை தெரிந்திருக்கும்போது முன்தடைக்கு இடமில்லை என்று பிரிவி கவுன்சில் முடித்துவிட்டது. வரலாற்றுக் கேள்விகள் அங்கேதான் தொடங்குகின்றன. ஒரு தேர்ந்த அட்டர்னி, எச்சரிக்கைக் கடிதம் கையில் இருக்கும்போதே, வயது நிறைய இன்னும் சில வாரங்களே உள்ள ஒருவரிடம் அவசரமாகக் கையெழுத்து வாங்கியது ஏன்? பெரிய வீட்டு வாரிசுகளை வயது வரும் தறுவாயில் பிடிப்பது அன்றைய கல்கத்தாக் கடன் சந்தையில் வழக்கமாகவே இருந்ததா, இல்லை இது தனியொரு நிகழ்ச்சியா? நீதிமன்றம் ஒரு தாயைக் காப்பாளராக நியமிப்பது எத்தகைய குடும்பங்களில், யாருடைய மனுவின் பேரில் நடந்தது? பத்திரத்தில் எழுதிய தொகைக்கும் கைமாறிய தொகைக்கும் இருந்த இடைவெளி அன்றைய அடமானங்களில் எவ்வளவு பரவலானது? இக்கேள்விகளுள் ஒன்றுக்கும் தீர்ப்பு விடை தராது. ஆனால் தீர்ப்பை வாசிக்காமல் இக்கேள்விகள் உங்களுக்குத் தோன்றியிருக்கவும் மாட்டா.

வயது பற்றிய விவரத்தையும் கவனியுங்கள். 1875ஆம் ஆண்டு வயது வரம்புச் சட்டப்படி பொதுவாக 18 வயதே போதும். இவ்வழக்கில்போல் நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தால் 21. அந்த வேறுபாடு 1999ஆம் ஆண்டுத் திருத்தம்வரை நீடித்தது. சட்டம் தெரியாத ஒரு வரலாற்று மாணவர் இவ்வழக்கை வாசித்தால், அக்காலத்தில் எல்லோருக்கும் வயது வரம்பு 21 என்று எழுதிவிடக் கூடும். அதேபோல அந்த உறுதிமொழி மட்டும் தனியாக ஓர் ஆவணக் காப்பகத்தில் அவருக்குக் கிடைத்திருந்தால், தர்மதாஸ் தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதிய குறிப்பு என்று அதைக் கொண்டாடவும் கூடும். அது கடன் கொடுப்பவரின் அட்டர்னி தம்மைக் காத்துக்கொள்ள எழுதிய வாசகம் என்பதை, பத்திரங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்று பழகிய கண்தான் முதல் பார்வையிலேயே கண்டுகொள்ளும். சட்டம் படித்தவர் வரலாற்றுக்குக் கொண்டுபோகும் சொத்து இதுதான். பலர் எண்ணுவதுபோல் சட்டப் பிரிவுகளின் எண்கள் அல்ல.

தீர்ப்பு தராத விடைகளைத் தேட வேண்டிய இடம் வழக்குக் கட்டு. 1949இல் இந்திய மேல்முறையீடுகள் நிறுத்தப்படும்வரை பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற வழக்குகளில் வாதுரை, எதிர்வாதுரை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், சான்றாகக் குறியீடு செய்த ஆவணங்கள், கீழ் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகிய எல்லாவற்றையும் அச்சிட்டுத் தொகுப்பாகக் கொடுக்கும் நடைமுறை இருந்தது. அத்தொகுப்புகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகம் உள்ளிட்ட சில நூலகங்களில் இருக்கின்றன. தமிழ்நாட்டு வழக்குகளானால் உங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் உயர் நீதிமன்றத்தின் ஆவண அறையும் இருக்கின்றன. மாவட்ட நீதிமன்றங்களைப் பொறுத்தவரை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பழைய கட்டுகளை அழிப்பதற்கு விதிகள் வகுக்கும் அதிகாரத்தை 1917ஆம் ஆண்டு ஆவணங்கள் அழிப்புச் சட்டம் உயர் நீதிமன்றங்களுக்குக் கொடுத்திருந்தது; எனவே தீர்ப்பும் தீர்ப்பாணையும் தப்பிப் பிழைத்திருக்க, வாக்குமூலங்கள் மறைந்து போயிருப்பது சாதாரணம். எந்தக் காகிதம் தங்கியது, எது கிழிக்கப்பட்டது என்பதை முடிவு செய்ததும் ஒரு சட்டம்தான் என்பதை உங்கள் ஆய்வின் முதல் அத்தியாயத்திலேயே எழுத வேண்டியிருக்கும்.

வாக்குமூலங்கள் கிடைத்துவிட்டால் வேறொரு சிக்கல் வரும். சௌரி சௌரா வழக்கு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1922 பிப்ரவரி 4 அன்று அங்கே கூட்டம் ஒன்று காவல் நிலையத்துக்குத் தீ வைத்துக் காவலர்களைக் கொன்ற நிகழ்ச்சிக்காக அமர்வு நீதிமன்றம் 172 பேருக்கு மரண தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது 19 பேருக்கு உறுதியானது. அரசுத் தரப்பின் கதை பெருமளவுக்கு மீர் ஷிகாரி என்ற அப்ரூவரின், அதாவது மன்னிப்புக்காக அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய குற்றவாளியின், வாக்குமூலத்தின் மேல் நின்றது. அந்த வாக்குமூலத்தைப் பார்க்கும் நீதிபதி, இது நம்பத்தக்கதா, வேறு சான்றால் வலுப்பெறுகிறதா என்று கேட்பார். விடை கிடைத்ததும் அவர் வேலை முடிந்தது. வரலாற்றாசிரியர் அதை நம்பவும் வேண்டியதில்லை, தள்ளவும் வேண்டியதில்லை. தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிற ஒருவர், எந்தக் கேள்விகளுக்கு விடையாக, யார் முன்னிலையில், எந்த வரிசையில் பேசினார் என்று அவர் பார்ப்பார். வழக்குக்குத் தேவையில்லாமல் போகிற போக்கில் அவர் சொன்ன விவரங்களில்தான் அந்தக் கிராமங்களின் அன்றாட வாழ்க்கை தெரியும். சட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள் இங்கே தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தம்மை அறியாமலே மறு விசாரணை நடத்தத் தொடங்கி, நூறாண்டுக்கு முந்தைய குற்றவாளிகளை விடுதலை செய்துவிட்டு ஆய்வேட்டை முடித்துவிடுகிறார்கள். ஐந்தாண்டுகளாக வந்த பழக்கம் அது. விடுவதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

இனி உங்கள் நடைமுறைக் கேள்விகள். எல்.எல்.எம். வேண்டுமா, எம்.ஏ. வேண்டுமா என்பதற்கு என் விடை, எந்தத் துறையில் வேலை பார்க்க விரும்புகிறீர்களோ அந்தத் துறையின் முதுகலைப் பட்டத்தைப் பெறுங்கள் என்பதே. இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் நியமனம் இன்றும் துறைவாரியாகத்தான் நடக்கிறது. உதவிப் பேராசிரியர் பணிக்கு உரிய பாடத்திலோ அதற்கு நெருங்கிய பாடத்திலோ 55 சதவீத மதிப்பெண்ணோடு முதுகலையும், பொதுவாக அந்தப் பாடத்தில் நெட் தேர்ச்சியும் கேட்கிறார்கள். பல்துறை ஆய்வு என்று எல்லா அறிக்கைகளும் பேசினாலும், நேர்காணலில் உங்கள் முன் உட்காரும் குழு ஒரு துறையின் குழுவாகத்தான் இருக்கும். சட்டக் கல்லூரியில் கற்பிக்க விருப்பமென்றால் எல்.எல்.எம். முடித்து, வரலாற்றை ஆய்வு முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். வரலாற்றுத் துறையே வீடு என்று தோன்றினால் எம்.ஏ. சேருங்கள், இளநிலையில் வரலாறு படிக்காதவர்களையும் பல பல்கலைக்கழகங்கள் அதில் சேர்த்துக்கொள்கின்றன.

என்னைத் தனிப்படக் கேட்டால், உங்கள் கடிதத்தை வைத்துப் பார்க்கையில், வரலாற்று எம்.ஏ.வின் பக்கமே சாய்வேன். சட்டத்தில் உங்களுக்கு ஐந்தாண்டுப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. மேலும் ஓராண்டோ ஈராண்டோ எல்.எல்.எம். படிப்பது அதே திசையில் சற்றுத் தூரம் கூட்டும், அவ்வளவே. ஆவணத்தை எப்படிக் கேள்வி கேட்பது, ஒரு காலத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதியவற்றோடு எப்படி வாதாடுவது, சான்று இல்லாத இடத்தில் எப்படி வாயை மூடிக்கொள்வது என்பவற்றை வரலாற்றுத் துறையில் மட்டுமே முறையாகக் கற்க முடியும். சட்டப் படிப்பு முடியும்வரை காத்திருக்க முடியாது என்றால், இந்தியப் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளைப் பாருங்கள். சட்டப் படிப்போடு மற்றொரு முறைசார் படிப்பில் சேர்வதை அவை தடை செய்கின்றன. தொலைநிலைக் கல்வி மையங்களின் படிப்புகளுக்கும், மொழி, கணினி ஆகியவற்றில் குறுகிய காலப் பகுதிநேரச் சான்றிதழ்ப் படிப்புகளுக்கும் விலக்கு அளித்திருக்கின்றன. ஆயினும் உங்கள் பல்கலைக்கழகத்திடம் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்காமல் எதிலும் பணம் கட்டாதீர்கள்.

முனைவர் பட்டத்துக்கு நெறியாளரைத் தேடும்போது துறையின் பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டாம். அவர் கடைசியாக எந்த ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தார், அவருடைய மாணவர்கள் எதை எழுதினார்கள் என்று பாருங்கள். மற்றத் துறையிலிருந்து ஓர் இணை நெறியாளரை முதலாண்டிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; மூன்றாம் ஆண்டில் கேட்டால் அவர் கையெழுத்துப் போடுபவராக மட்டுமே இருப்பார்.

மொழியைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அதுதான் பெரும்பாலோரைத் தோற்கடிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பத்திரங்களைப் புள்ளியில்லாத கையெழுத்தில், நிறுத்தக்குறி இல்லாமல், நில அளவுகளுக்கும் நாணயங்களுக்கும் உரிய சுருக்கக் குறிகளோடு வாசிக்கப் பழக வேண்டும். தஞ்சை மராத்தியர் ஆவணங்களென்றால், மராத்தி மொழியை எழுதப் பயன்பட்ட மோடி என்ற பழைய எழுத்து வேண்டும். கோயில் நிலங்களென்றால் கல்வெட்டுத் தமிழ். இவற்றுள் எது வேண்டும் என்பது தலைப்பைப் பொறுத்தது. அதனால் தலைப்பை முடிவு செய்யும் முன், அதன் ஆவணங்களில் பத்துப் பக்கத்தையாவது உங்களால் வாசிக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வீட்டாரின் அச்சத்துக்கு வருகிறேன். வரலாறு படித்தால் வழக்குரைஞர் தொழில் கெடும் என்பதை நான் ஏற்கவில்லை. தர்மசாத்திரத்தின் வரலாற்றை 1930 முதல் 1962 வரை ஐந்து தொகுதிகளாக எழுதி 1963இல் பாரத ரத்னா பெற்ற பாண்டுரங்க வாமன் காணே, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்த வழக்குரைஞர். அவ்வளவு உயரத்துக்குப் போக வேண்டாம். தமிழ்நாட்டில் நிலம், கோயில், அறக்கட்டளை ஆகியவை பற்றிய உரிமையியல் வழக்குகளை நடத்தும் எவரையும் கேளுங்கள். வரி நீக்கியோ குறைத்தோ மானியமாகக் கொடுத்த இனாம் நிலங்களை ஆராய 1858இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் இன்றும் நீதிமன்றங்களில் சான்றாகக் குறியீடு செய்யப்படுகின்றன. அவற்றுக்கு மிகுந்த சான்று மதிப்பு உண்டு என்று பிரிவி கவுன்சில் 1919இல் சொன்னது இப்போதும் மேற்கோளாக வருகிறது. முப்பது ஆண்டு பழைய ஆவணத்தை உரிய காவலிலிருந்து கொண்டுவந்தால் அது உண்மையானது என்று அனுமானிக்கலாம் என்ற பழைய சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவு, புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. அந்த இனாம் பதிவேட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் யார், எதைக் கேட்டு நிரப்பினார்கள், ஒரு நிலம் கோயிலுக்கு உரியதா பணி செய்தவருக்கு உரியதா என்பதை எந்த ஆதாரத்தின் பேரில் எழுதினார்கள் என்பது தெரிந்த வழக்குரைஞர், எதிர்த்தரப்பின் ஆவணத்தை வேறு விதமாகக் குறுக்கு விசாரணை செய்வார்.

ஒரே ஓர் எச்சரிக்கை. கட்சிக்காரருக்காக வாதாடும்போது உங்களுக்குச் சாதகமான சான்றுகளை மட்டும் எடுத்து அடுக்குவீர்கள். அது உங்கள் கடமை, எதிர்த்தரப்பு மற்றதைக் கொண்டுவரும். ஆய்வேட்டில் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் இல்லை. அந்த வேலையையும் நீங்களே செய்ய வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று மாறி மாறிச் செய்வது எளிதன்று என்பதால்தான், முனைவர் ஆய்வின் முதல் இரண்டாண்டுகளில் தீவிரமாக வழக்குகளை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று என் மாணவர்களிடம் சொல்கிறேன். ஆனால் சட்டப் பட்டம் கிடைத்ததும் பார் கவுன்சிலில் பதிவு செய்து அகில இந்தியப் பார் தேர்வையும் எழுதிவிடுங்கள். அந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்பது வீட்டாருக்கும் தெரியட்டும்.

விண்ணப்பங்களுக்கு இன்னும் சில மாதங்கள் இருப்பதால், அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் தேர்வுக்காகப் படித்த வழக்குகளுள் 1949க்கு முன் சென்னையிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குப் போன ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் சட்ட அறிக்கையில் அதன் முழுத் தீர்ப்பையும் கீழ் நீதிமன்றத் தீர்ப்பையும் வாசியுங்கள். தீர்ப்பு எதை முடிவு செய்தது என்பதை ஒரு பக்கத்திலும், அது கேட்காமல் விட்ட கேள்விகள் எவை, அவற்றுக்கு எங்கே சான்று கிடைக்கலாம் என்பதை மூன்று பக்கங்களிலும் எழுதி, சட்டத் துறையில் ஓர் ஆசிரியரிடமும் வரலாற்றுத் துறையில் ஓர் ஆசிரியரிடமும் காட்டுங்கள். எம்.ஏ. விண்ணப்பத்தோடு ஆய்வு நோக்கக் கட்டுரை கேட்கும் பல்கலைக்கழகங்களுக்கு, அவர்களுடைய திருத்தங்களுக்குப் பிறகு அந்த நான்கு பக்கங்களையே அனுப்பலாம்.